ஒளியும் ஒரு பக்கவாத்தியம்

கச்சேரி ஒன்றிலே பாடகர் ஒரு சங்கதியை எவரும் எதிர்பாராத இடத்தில் நீட்டிவிடுகிறார். மிருதங்கக்காரர் ஒரு கணம் விரலை நிறுத்தி, அந்த நீட்சி எங்கே போய் முடியும் என்று ஊகித்து, சரியாக அந்த இடத்திலே வந்து சேருகிறார். சபை தலையை அசைக்கிறது. அதே பாடகர் ஒலிநாடாவிலே பதிந்துவைத்த மிருதங்கத்துக்குப் பாடுவதாயின் இந்த நீட்சிக்கு இடமே இல்லை. நாடா அவருக்காகக் காத்திராது. அவர்தான் நாடாவைக் கேட்டுக் கேட்டுப் பாடவேண்டும்.

இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள எடுத்த பொருள் இசை அன்று. ஆடுவோருக்கும் பாடுவோருக்கும் பின்னாலுள்ள திரையிலே கணினி வரைந்து காட்டும் உருவங்களைப் பற்றியது. மேலைநாட்டு நடன அரங்குகளிலும் இசையரங்குகளிலும் நாடக மேடைகளிலும் இவை சாதாரணமாகிவிட்டன. இவ்வுருவங்கள் இரு வகையின. ஒரு வகை, பல நாள் முன்னதாகவே ஆக்கி முடித்து, குறித்த நேரத்தில் ஓடவிடப்படுவது. மற்றையது, ஆற்றுகை நிகழுகின்ற அதே கணத்தில், ஆடுபவரின் கையசைவைக் கண்டோ பாடுபவரின் குரலைக் கேட்டோ கணினி அவ்வப்போது வரைவது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. முதலாவது நாடா, இரண்டாவது பக்கவாத்தியம். ஒளியைப் பக்கவாத்தியமாக்க மனிதர் பட்ட பாட்டின் வரலாறு சுவையானது. அதிலே இழப்புகளும் பல.

இதனை ஏன் பெரிதாகப் பேசவேண்டும் என்று சிலர் கேட்கலாம். நமது பாடசாலை மேடைகளையே பாருங்கள். நாட்டிய நாடகம் என்றால் இறுவட்டு என்று ஆகிவிட்டது. மேடையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வரவேண்டிய பிள்ளை இரண்டு அடி பிந்திவிட்டால் இறுவட்டு அதை அறியாது. பாட்டு போய்க்கொண்டே இருக்கும். பிள்ளை முகம் வாடி ஓடிவந்து சேரும். கூத்திலே அண்ணாவியார் மத்தளத்தோடு அருகில் நிற்பாராயின், தாளக்கட்டை இன்னொரு தரம் அடித்து அந்த இரண்டு அடியைச் சபை அறியாமலே மூடிவிடுவார். பொறி மனிதனுக்கு இணங்குமா, மனிதன் பொறிக்கு இணங்குவதா என்ற கேள்வி அமெரிக்க ஆய்வுகூடங்களில் மட்டும் எழுந்ததன்று.

ஒளியை வாத்தியம்போல வாசிக்கும் ஆசை மின்சாரத்துக்கும் முந்தியது. பிரான்சிலே இயேசு சபைத் துறவியாகவும் கணித அறிஞராகவும் விளங்கிய லூயி பெர்த்ரான் கஸ்தெல், கட்டையை அழுத்தினால் நிறம் தோன்றும் ஒரு வாத்தியத்தைப் பற்றி 1725ஆம் ஆண்டிலே எழுதினார். ஜேர்மனிய இசையமைப்பாளர் தெலமான் 1739இல் அதைப் பற்றி ஒரு விவரணமே வெளியிட்டார். ருஷ்ய இசைமேதை ஸ்க்ரியாபின் 1910இல் முடித்த 'புரொமீதியஸ்' என்ற ஆக்கத்தின் இசைக்குறிப்பிலே, வயலினுக்கும் குழலுக்கும் வரி இருப்பதுபோல் ஒளிக்கும் தனி வரி ஒன்று உண்டு. 1911இல் மொஸ்கோவில் அது முதன்முதல் வாசிக்கப்பட்டபோது ஒளிவரியைக் கைவிட்டே வாசித்தனர். 1915 மார்ச்சில் நியூயோர்க் கார்னகி மண்டபத்தில்தான் அதற்கு ஒரு கருவி கிடைத்தது. பின்னர், டென்மார்க்கிலே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தோமஸ் வில்ஃபிரட், 'கிளாவிலக்ஸ்' என்ற தமது ஒளிக்கருவியை 1922 ஜனவரியில் நியூயோர்க்கில் பொதுமக்கள்முன் வாசித்தார். இவர் ஒருபடி மேலே போய், ஒளிக்கு இசையின் துணையே வேண்டாம், அது தனிக்கலை என்று வாதாடி, பெரும்பாலும் மௌனத்திலேயே தமது நிகழ்ச்சிகளை நடத்தினார்.

இக்கருவிகளெல்லாம் விளக்கும் கண்ணாடியும் மூடியும் கொண்டவை. கையை அசைத்தால் ஒளி அக்கணமே அசையும். உடனே மறுமொழி சொல்லும் குணம் விளக்குக்கு இயல்பாகவே உண்டு. ஆனால் அது சொல்லக்கூடியது கொஞ்சம். பின்னாளில் வந்த கணினியோ ஆயிரம் விதமான உருவங்களைச் சொல்ல வல்லது. சொல்லி முடிக்க அதற்கு நேரம் போதாமற் போயிற்று. கணினி வந்ததும் ஒளிக்கலை முன்னேறியது என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். வில்ஃபிரட்டின் கைகளுக்கு 1922இல் இருந்த உடனடித்தன்மை, கணினிக் கலைஞனுக்குக் கிடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது.

கணினி இக்கலைக்குள் நுழைந்த வாசல் ஒரு போர்க்கருவி. இரண்டாம் உலக யுத்தத்திலே விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்குக் குறி கணித்துக் கொடுத்த பொறிகள், யுத்தம் முடிந்தபின் உபரிப் பொருளாய் விலைக்கு வந்தன. எதிரி விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்பது பீரங்கிக்குப் போதாது. குண்டு போய்ச்சேரும் கணத்தில் அது எங்கே இருக்கும் என்று தெரியவேண்டும். அதைக் கணிப்பதே அந்தப் பொறியின் வேலை. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஜோன் விட்னி (1917–1995) அத்தகைய ஒன்றை எடுத்து, அதன் சுழலும் தட்டுகளிலும் பற்சக்கரங்களிலும் சித்திரங்களையும் கமராவையும் பொருத்தி, சுழன்று விரியும் கோலங்களைப் படமாக்கினார். ஹிட்ச்கொக்கின் 'வெர்டிகோ' (1958) படத்தின் தொடக்கத்திலே சோல் பாஸ் வடிவமைத்த எழுத்துக்காட்சியில் சுழலும் சுருள்கள் விட்னியின் கைவண்ணமே. 1961இல் தமது கோலங்களைத் தொகுத்து 'கற்றலொக்' என்ற குறும்படமாக்கினார்.

1966இல் ஐ.பி.எம். நிறுவனம் அவருக்குத் தனது பெரிய கணினியைப் பயன்படுத்த வாய்ப்பளித்தது. அங்கே உருவான 'பெர்மியுட்டேஷன்ஸ்' (1968) என்ற படத்தைப் பார்ப்பவர், புள்ளிகள் இசைக்கு ஆடுவதாகவே நினைப்பர். உண்மையில் கணினி ஒவ்வொரு சட்டகமாகக் கறுப்பு வெள்ளையில் வரைய, கமரா ஒவ்வொன்றாகப் பிடிக்க, நிறம் பிறகு சேர்க்கப்பட்டது. இங்கே சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். கண்ணுக்கு அசைவு வழுக்கிச் செல்வதாகத் தெரியவேண்டுமாயின் திரைப்படத்தில் செக்கனுக்கு 24 சட்டகம் வேண்டும். ஒரு சட்டகத்தை வரையக் கணினிக்கு மூன்று செக்கன் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு செக்கன் ஆட்டத்துக்கு 72 செக்கன் காத்திருக்கவேண்டும். எந்த நடனமாது ஒரு கையை உயர்த்திவிட்டு ஒன்றேகால் நிமிடம் அப்படியே நிற்பாள்? விட்னியின் கனவு வேறாயிருந்தது. இசையமைப்பாளன் ஒலியையும் உருவத்தையும் ஒரே கருவியில் ஒரே நேரத்தில் ஆக்கவேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் பேசிய ஆசை. 1980இல் வெளிவந்த 'டிஜிற்றல் ஹார்மனி' என்ற அவரது நூலின் சாரமும் அதுவே.

ஆட்டத்துக்குப் பொறி மறுமொழி சொல்லும் என்பதற்கு ஒரு முன்மாதிரி 1965 யூலையில் நியூயோர்க் லிங்கன் நிலையத்தில் அரங்கேறியது. மேர்ஸ் கனிங்ஹாமின் நடனக் குழுவும் ஜோன் கேஜ் என்ற இசைப் புரட்சியாளரும் சேர்ந்து நிகழ்த்திய 'வேரியேஷன்ஸ் 5' அது. மேடையிலே நாட்டப்பட்ட உணர்கம்பிகளுக்கு அருகில் ஆடுவோர் சென்றாலும், ஒளியுணர் கலங்களின் கதிரைக் குறுக்கறுத்தாலும், அது ஒலியைத் தூண்டும். பின்னாலே ஓடிய படங்களோ முன்னர் எடுத்தவையும் தொலைக்காட்சியைத் திரித்தவையுமே. ஒலி பக்கவாத்தியமாகிவிட்டது, உருவம் இன்னும் ஆகவில்லை.

உருவமும் ஆகிய இடம் சிக்காகோ. அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்.

இலினோய் பல்கலைக்கழகத்தின் சிக்காகோ வளாகத்திலே கலை கற்பிக்க 1969இல் வந்துசேர்ந்தார் டான் சான்டின். படித்தது பௌதிகவியல். அக்காலத்தில் மூக் என்பவர் ஆக்கிய இலத்திரனியல் இசைப்பெட்டி பெயர்பெற்றிருந்தது. சிறு சிறு அலகுகளைக் கம்பிகளால் ஒன்றோடொன்று இணைத்து, இணைப்பை மாற்ற மாற்ற ஒலி மாறும். ஒலிக்குச் செய்வதை ஏன் தொலைக்காட்சி உருவத்துக்குச் செய்யக்கூடாது என்று சான்டின் எண்ணினார். 1971க்கும் 1973க்கும் இடையிலே அவர் ஆக்கிய 'இமேஜ் புரொசெசர்' என்ற கருவி, கமராவிலிருந்து வரும் உருவத்தை அந்தக் கணத்திலேயே கலக்கும், பிரிக்கும், நிறமூட்டும். குமிழைத் திருகினால் திரை மாறும்.

அவர் செய்த இன்னொன்று இன்னும் பெரிது என்பேன். கருவியின் வரைபடங்களை அவர் பூட்டிவைக்கவில்லை. ஃபில் மோர்ட்டன் என்ற வீடியோக் கலைஞரோடு சேர்ந்து, கட்டும் முறை முழுவதையும் எழுதி, கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார். பலர் தம் கையாலேயே பற்றாசு வைத்துத் தமக்கெனக் கருவி கட்டிக்கொண்டனர். வித்தையைச் சீடனுக்கும் மறைத்த ஆசான்களைப் பற்றி நாம் கேட்டிருக்கிறோம். அந்த வழக்கத்துக்கு முற்றும் மாறான செயல் இது.

1973இல் ஒஹாயோவிலிருந்து ரொம் டிஃபான்டி என்ற இளைஞர் வந்து இணைந்தார். அவர் கொண்டுவந்தது 'கிராஸ்' என்ற கணினி மொழி. கணிதம் அறியாத ஓவியனும் ஆசிரியனும் எழுதக்கூடியதாய், எழுதியது உடனே திரையில் ஆடக்கூடியதாய் அமைக்கப்பட்டது. பி.டி.பி. 11/45 என்ற கணினியும், கோடுகளால் வரையும் வெக்டர் ஜெனரல் என்ற திரையும் அதற்கு உடம்பாயின. கணினி கோட்டுருவை வரையும். ஒரு கமரா அத்திரையை நோக்கியிருக்கும். அந்த உருவம் சான்டினின் பெட்டிக்குள் சென்று நிறம்பெற்று வெளிவரும். ஒருவர் கணினியின் முன்னே, ஒருவர் பெட்டியின் முன்னே, இன்னொருவர் இசைக்கருவியின் முன்னே. ஒருவரை ஒருவர் பார்த்து, கேட்டு, விட்டுக்கொடுத்து வாசித்தார்கள். 1975இல் சபையோர் முன்னிலையில் இந்நிகழ்வுகள் தொடங்கின. 'இலத்திரனியல் காட்சி நிகழ்வு' என்று பொருள்படும் பெயரில் அடுத்த சில ஆண்டுகளிலும் நடந்தன. விட்னியின் கனவு ஒரு தனிமனிதனின் கருவியாக வராமல் ஒரு கச்சேரிக் குழுவாக வந்துசேர்ந்தது.

இங்கே ஒரு முரண் உண்டு. அதே ஆய்வுகூடத்தின் அதே கணினியிலேதான் 'ஸ்டார் வோர்ஸ்' (1977) திரைப்படத்துக்கான காட்சியொன்றை லரி கியூபா என்ற கலைஞர் ஆக்கினார். போர்வீரர்களுக்குத் தாக்குதல் திட்டத்தை விளக்கும் கோட்டுச் சித்திரம் அது. படத்துக்குத் துல்லியம் வேண்டுமாகையால் அங்கே மீண்டும் சட்டகம் சட்டகமாக வரைந்தே பிடிக்கவேண்டியிருந்தது. அந்தச் சில கணங்களை உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். அதே பொறி உயிரோடு ஆடிய இரவுகளோ அன்று வந்திருந்த சபையோடு போயின. சில ஒளிநாடாக்கள் எஞ்சின.

நியூ ஜேர்சியில் பெல் ஆய்வுகூடத்திலே லோரி ஸ்பீகல் என்ற இசையமைப்பாளர் செய்ததற்கு அந்த அளவு அதிர்ஷ்டமும் இல்லை. மக்ஸ் மத்யூஸ் என்ற பொறியியலாளரின் குழு இசைக்காக ஆக்கிய 'குரூவ்' என்ற கணினி முறைமை அங்கே இருந்தது. ஸ்பீகல் 1974க்கும் 1976க்கும் இடையிலே அதைத் திருத்தி, குமிழும் மிதிகட்டையும் வரைபலகையும் கொண்டு உருவங்களை வாசிக்கக்கூடிய கருவியாக்கினார். இசையமைப்பாளர் தம் விரலாலே காலத்தில் உருவங்களை நெய்தார். அந்தக் கணினி கழற்றப்பட்டபோது கருவியும் ஒழிந்தது. அப்பொறிக்கென்றே எழுதிய செய்நிரல் வேறெந்தப் பொறியிலும் ஓடாது. ஏட்டுச்சுவடி செல்லரித்தால் இன்னொரு பிரதி எங்கேனும் இருக்குமென்று தேடலாம். வாத்தியமே போனால் வாசிப்பைத் தேட இடமில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் கையால் குமிழைத் திருகி வாசித்தவை. ஆடுபவரின் உடம்பே குமிழாவது அடுத்த படி. மைரன் குரூகர் 1970களில் கமராமூலம் மனிதரின் நிழலுருவைக் கணினிக்குள் எடுத்து அதோடு விளையாட விட்டார். நியூயோர்க்கைச் சேர்ந்த 'ட்ரொய்கா ராஞ்ச்' என்ற குழுவின் மார்க் கொனிக்லியோ, ஆடுபவரின் முழங்கை முழங்கால் மூட்டுகளில் உணரிகளைக் கட்டி, மடிப்பின் அளவைக் கம்பியில்லாமல் கணினிக்கு அனுப்பினார். தமது குழுவின் தேவைக்கென அவர் வளர்த்த செய்நிரல் 2002இல் 'இசடோரா' என்ற பெயரில் பிறருக்கும் கிடைத்தது. நவீன நடனத்தின் தாய்மாரில் ஒருவரான இசடோரா டங்கனின் பெயர் அது. பாரிசின் 'இர்காம்' இசை ஆய்வு நிலையத்தில் மில்லர் பக்கெற் 1980களில் ஆக்கிய 'மக்ஸ்' என்ற மென்பொருளும் இவ்வழியே இசையிலிருந்து உருவத்துக்கு வந்தது. முன்னர் சொன்ன மக்ஸ் மத்யூஸின் பெயரையே அதற்கு இட்டனர்.

1999இல் கனிங்ஹாமின் 'பைபெட்' என்ற நடனம் கலிபோர்னியாவில் அரங்கேறியது. மேடைக்கு முன்னே தொங்கிய மெல்லிய திரையிலே, ஒளிக்கோடுகளாலான பேருருவங்கள் ஆடுவோரிடையே நடந்து மறைந்தன. போல் கைசர், ஷெல்லி எஷ்கார் என்போரின் ஆக்கம். அந்த உருவங்கள் ஆடுவோரின் அசைவுகளை முன்னரே பதிந்து, பின்னர் வரைந்து, ஓடவிடப்பட்டவை. நான் முன்சொன்ன கணக்கின்படி அது நாடா. இருந்தும் அதைக் குறைகூற மனம் வரவில்லை. காரணம், கனிங்ஹாமின் நடனத்திலே இசைகூட ஆட்டத்தைப் பின்தொடர்வதில்லை. ஆட்டமும் இசையும் காட்சியும் தனித்தனியே ஆகி, ஒரே மேடையில் சந்திப்பதே அவர் கொள்கை. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லாத அரங்கில் நாடா என்பது குற்றமாகாது.

அதே கைசரும் எஷ்காரும் மார்க் டௌனி என்பவரோடு சேர்ந்து 2005இல் திரிஷா பிரவுனின் நடனமொன்றுக்கு மறுபக்கம் போனார்கள். அரிசோனாவில் நிகழ்ந்தது. ஆடுவோரின் உடலிலே ஒட்டிய ஒளிதெறிக்கும் பொட்டுகளைச் சுற்றியிருந்த கமராக்கள் கவனிக்க, திரையில் தோன்றும் உருக்களுக்குத் தத்தமக்கென ஒரு நோக்கமும் கொடுக்கப்பட்டிருந்தது. கோடுகளாலான ஓர் உரு, மேடையின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக விரும்புகிறது. அதற்குத் தானாக நடக்க முடியாது. ஆடுவோரில் யாராவது அந்தத் திசையில் போனால் அவரைப் பற்றிக்கொண்டு கொஞ்சத்தூரம் போகும்; அவர் திரும்பிவிட்டால் விட்டுவிட்டு வேறொருவரைத் தேடும். தனக்கென ஒரு புத்தியுள்ள பக்கவாத்தியம் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது.

இலக்கிய நேயர்களுக்கு மிக நெருக்கமானது குரலும் எழுத்தும் சம்பந்தப்பட்ட முயற்சி. ஒஸ்திரியாவின் லின்ஸ் நகரில் நடைபெறும் 'ஆர்ஸ் இலெக்ட்ரோனிக்கா' விழாவிலே 2003இல் 'மெஸ்ஸா தி வோச்சே' என்ற நிகழ்ச்சி இடம்பெற்றது. இத்தாலிய இசை மரபில், ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கிப் பெருக்கி மீண்டும் மெலிய விடும் முறைக்கு அந்தப் பெயர். கோலன் லெவின், சக்கரி லீபர்மன் ஆகிய இருவரும் செய்நிரலை எழுத, ஒல்லாந்தரான யாப் பிளொங்க், அமெரிக்கரான ஜோன் லா பார்பரா என்ற இரு குரற்கலைஞர்கள் திரையின் முன்னே நின்றனர். கமரா அவர்களின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்கும். ஒலிவாங்கி குரலின் உயர்வையும் வலுவையும் தன்மையையும் அளக்கும். இரண்டையும் சேர்த்து, குரல் வாயிலிருந்தே உருவமாய்ப் புறப்படுவதுபோலத் திரையிலே கணினி வரையும். ஒலி குமிழியாகும், தெறிக்கும், உருண்டு விழும். விழுந்ததைக் கலைஞர் கையால் தொட்டால் அது சற்றுமுன் தாம் எழுப்பிய ஒலியாகவே திரும்பப் பேசும்.

நமது இலக்கணகாரர் எழுத்தை ஒலிவடிவு, வரிவடிவு என இரண்டாகப் பார்த்தனர். எழுப்பப்படுவதால் எழுத்து, எழுதப்படுவதாலும் எழுத்து என்று பொருள் சொன்னவர்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையே எப்போதும் ஒரு காலதாமதம் இருந்தது. முதலில் ஒலி, பிறகு வரி. அந்தத் தாமதத்தை ஒரு கணத்துக்குள் சுருக்கிப் பார்த்த முயற்சி, 2005இல் லெவினும் பிளொங்கும் சேர்ந்து செய்த 'ஊர்சொனோகிராபி'. ஜேர்மனியக் கலைஞர் கூர்ட் ஷ்விட்டர்ஸ் 1922க்கும் 1932க்கும் இடையே ஆக்கிய 'ஊர்சொனாட்டே' என்ற ஒலிக்கவிதை பொருளற்ற அசைகளால் மட்டுமே ஆனது. ஆயினும் சொனாட்டா என்ற இசைவடிவத்துக்குரிய ஒழுங்கு முழுவதும் அதிலுண்டு. பிளொங்க் அதைப் பல்லாண்டுகளாக மனனமாக ஒப்புவித்து வந்தவர். இந்த நிகழ்ச்சியில் கணினி அவர் குரலைப் பின்தொடர்ந்து, அவர் இப்போது எந்த அசையில் நிற்கிறார் என்று அறிந்து, அந்த அசையைத் திரையில் எழுத்தாக விழுத்தியது. உரத்தால் எழுத்து ஒருவிதமாய், மெலிந்தால் வேறுவிதமாய் அசையும். பொருளற்ற கவிதை என்பதால் வாசகனுக்குப் பொருளைப் பிடிக்கும் வேலை இல்லை. எழுத்து பிறப்பதை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கலாம். தொல்காப்பியத்தின் பிறப்பியலைக் கரும்பலகையில் விளக்கித் தொண்டை வரண்ட எவரும் இதைப் பார்த்துச் சற்றே பொறாமைப்படுவர்.

தொழில்நுட்பத்தில் இரண்டு சங்கடங்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது, ஆடுபவர்மேல் கணினி ஒளியை வீசுகிறது. அதே கணினிதான் கமராவால் ஆடுபவரைப் பார்க்கவும் வேண்டும். தான் வீசிய ஒளியையே ஆளென்று நினைத்து மயங்கிவிடும். இதற்குக் கண்டுபிடித்த உபாயம், மனிதக் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிரை மேடையில் பரப்பி, கமராவுக்கு அதை மட்டுமே காணும்படி வடி ஒன்றை மாட்டுவது. அவுஸ்திரேலியாவின் 'சங்கி மூவ்' குழு 2006இல் ஆடிய 'குளோ' என்ற, அரை மணிக்கும் குறைந்த தனிநடனம் இந்த முறையில் அமைந்தது. தரையிலே உருளும் ஒருத்தியின் உடம்பைச் சுற்றி, மேலேயிருந்து விழும் ஒளிக்கோடு தோலைப்போல ஒட்டிக்கொண்டே வரும். செய்நிரல் ஜேர்மனியரான ஃப்ரீடர் வைஸ் எழுதியது. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலே, தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு வைத்த செய்தி வருகிறது. ஒளி ஆட்டத்துக்கு உதவவேண்டும், குழப்பக்கூடாது என்ற கவலை அரங்கக்காரருக்கு எந்தக் காலத்திலும் உண்டு.

இரண்டாவது சங்கடம் தாமதம். கமரா செக்கனுக்கு 30 தரம் பார்க்கிறது என்றால் ஒரு பார்வைக்கு 33 மில்லிசெக்கன். கணக்கிட இன்னொரு 33, புரொஜெக்டர் காட்ட மேலும் 33 என்று கொள்வோம். பத்தில் ஒரு பங்கு செக்கன் போய்விட்டது. சொற்பம்போலத் தெரியும். வேகமாகச் சுழலும் கை அதற்குள் ஒரு சாணுக்கு மேல் கடந்திருக்கும். ஒளி பழைய இடத்தில் விழும். ஆகவே சில செய்நிரல்கள் கை இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அதன் வேகத்தையும் திசையையும் கொண்டு, அடுத்த கணம் அது இருக்கப்போகும் இடத்தைக் கணித்து அங்கே ஒளியை வீசுகின்றன. விட்னி உடைத்துக் கோலம் போட்ட அந்தப் பீரங்கிப் பொறி பறக்கும் விமானத்துக்குச் செய்துகொண்டிருந்த கணக்கு இதுவேதான். அன்று அது குறிதவறாமல் வீழ்த்துவதற்கு. இன்று ஆடும் விரலைக் கைவிடாதிருப்பதற்கு.

பெருஞ்செலவில் நடந்த முயற்சி ஒன்றையும் குறிப்பிடவேண்டும். ஷேக்ஸ்பியர் மறைந்த 400ஆம் ஆண்டான 2016 நவம்பரில், அவர் பிறந்த ஊரிலே றோயல் ஷேக்ஸ்பியர் கம்பனி 'சூறாவளி' நாடகத்தை மேடையேற்றியது. நெறியாள்கை கிரெகரி டோரன். ஏரியல் என்ற பூதமாக நடித்த மார்க் குவார்ட்லி உணரிகள் பொருத்திய உடையோடு மேடையில் நின்றார். அவரது அசைவை அந்தக் கணமே வாங்கிய கணினி, மேலே தொங்கிய மெல்லிய திரைகளில் ஏரியலைப் பேருருவாக ஆடவைத்தது. இன்ரெல் நிறுவனமும் 'இமாஜினேரியம்' கலையகமும் தொழில்நுட்பத்துக்குத் துணைநின்றன. ஏவலுக்கு உருமாறும் பூதத்துக்கு உருமாறும் ஒளி பொருத்தந்தான். ஷேக்ஸ்பியர் காலத்து அரண்மனைக் கேளிக்கைகளிலே இனிகோ ஜோன்ஸ் பொறிகளால் மேகத்தை இறக்கிக் காட்டிய மரபும் ஆங்கிலேயருக்கு உண்டு. எனக்குள்ள ஐயம் வேறு. நடிகனும் அவன் ஒளியுருவும் ஒரே மேடையில் ஒரே நேரத்தில் தெரியும்போது, கண் எதைப் பார்ப்பது? வியர்வை வழிய நிற்கும் மனிதன் பக்கமே என் கண் போகும்.

இதிலிருந்து இன்னொரு கேள்வி பிறக்கிறது. உருவம் அந்தக் கணத்தில் பிறந்தது என்பதைச் சபை எப்படி அறியும்? மிருதங்கக்காரரின் விரல் நமக்குத் தெரிகிறது. கணினியின் விரல் தெரிவதில்லை. எல்லாம் பிசகின்றி நடந்தால் அது நாடா போலவே தோன்றும். ஒளியைப் பக்கவாத்தியமாக்க முந்நூறு ஆண்டு பாடுபட்டு, வெற்றி கிடைத்த இடத்திலே அது வெற்றி என்று யாருக்கும் தெரியாமற் போகும் நிலை.

இதற்கு விடை தேடியவர்கள் 2004இல் ஜேர்மனியின் ஹம்பர்க் நகரில் கூடிய இளம் செய்நிரலாளர் சிலர். 'டொப்லப்' என்று தமக்குப் பெயரிட்டுக்கொண்டார்கள். மேடையிலே சபையின் முன்னிருந்தே செய்நிரலை எழுதுவது, எழுத எழுத ஒலியும் உருவமும் மாறுவது, எழுதும் திரையையும் மறைக்காமல் சபைக்குக் காட்டுவது என்பன அவர்களின் வழக்கம். பார்ப்போருக்கு அம்மொழி புரியவேண்டும் என்பதில்லை. யாழ் வாசிக்கத் தெரியாதவரும் யாழோன் விரலைப் பார்க்கிறாரல்லவா? எழுத்துப் பிழை விட்டால் எல்லாரும் காண்பர். சில வேளை பொறி முற்றாக நின்றும் போகும்.

மெக்சிக்கோ நகரத்தில் இவ்வழி வந்தவர்கள் இன்னுமொரு கட்டுப்பாடு வைத்தார்கள். வெறுந்திரையிலே தொடங்கவேண்டும். கையில் முன்னரே எழுதிய எதுவும் இருக்கக்கூடாது. கொடுக்கப்படுவது ஒன்பது நிமிடம். சிலருக்கு அதற்குள் ஓர் உலகமே விரியும். சிலருக்கு இரண்டு வரி எழுதிப் பிழை தேடுவதிலேயே நேரம் போய்விடும். ஒன்பதாவது நிமிடம் முடிந்ததும் திரையில் என்ன இருக்கிறதோ அதற்குச் சபை கைதட்டும். அடுத்தவர் வந்து உட்கார, திரை மீண்டும் வெறுமையாகும்.